உரியும் புதுச்சாயம், உரியாத பழஞ்சாயம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளை அண்ணாந்து பார்ப்பவர்களே அதிகம். வண்ணச் சன்னல்களும் பூவேலைப்பாடுகளும் மாடியில்தான் இருக்கின்றன. கடைகளின் முன்னுள்ள, கூரையிட்ட ஐந்தடி நடைபாதையில் ஏறி, வாசல் கதவின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தால் வேறு காட்சி. இரண்டு மூன்று வருடத்துக்கு முன் அடித்த சாயம் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். செதில் விழுந்த இடத்தில் பழைய பச்சையோ பழுப்போ தெரியும். அந்தப் பழையது நகத்தால் கீறினாலும் வராது.

புதியது உரிகிறது. அதைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தது பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஏன்?

"அந்தக் காலத்துச் சாயம் அப்படி" என்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது, பிறகு பார்ப்போம். மீதிப் பாதி சாயத்தில் இல்லை, மரத்தில் இருக்கிறது. கதவைச் சுரண்டிப் புதுப்பிக்க நினைப்பவர் தூரிகை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

செதிலின் முதுகு

உரிந்த செதில் ஒன்றைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, திருப்பிப் பாருங்கள். நோய் என்ன என்பதை அதன் முதுகே சொல்லிவிடும்.

முதுகு வழவழப்பாக இருந்து, கதவில் பழைய சாயம் அப்படியே பளபளத்தால், புதுச்சாயம் பழஞ்சாயத்தைப் பற்றவே இல்லை என்று பொருள். பளபளப்பான எனாமல் மேல் உப்புத்தாள் போடாமல் அடித்திருப்பார்கள். அல்லது சாம்பிராணிப் புகையும் கைப்பிசுக்கும் வெயிலில் பூத்த வெண்தூளும் கழுவப்படாமல் இடையில் மாட்டியிருக்கும். இந்த நோய்க்குக் கதவு முழுவதையும் உரிக்கவே வேண்டாம். கழுவி, ஈரமாகத் தேய்த்துப் பளபளப்பை மட்டும் போக்கிவிட்டு மறுபடி அடித்தால் போதும். நல்ல நிலையிலிருக்கும் அடிச்சாயத்தைச் சுரண்டித் தள்ளுவது வீண்வேலை என்பது என் உறுதியான கருத்து.

முதுகில் மரநார் ஒட்டியிருந்து, கதவில் வெறும் மரம் தெரிந்தால் கதை வேறு. எல்லா அடுக்குகளும் ஒன்றாகச் சேர்ந்து மரத்தை விட்டு எழும்பியிருக்கின்றன. கீழிருந்து தள்ளியது தண்ணீர். அடிச்சட்டத்திலும், சட்டங்கள் கூடும் மூட்டுகளிலும் இது அதிகம். காரணம், மரத்தின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய நுண்குழாய்கள் அந்த வெட்டுமுகத்தில் வாய் திறந்து நிற்கின்றன. பக்கவாட்டுப் பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக அது நீரை இழுக்கும். நடைபாதையைத் தினமும் கழுவிவிடுகிறோம். கதவின் அடிவிளிம்பிலோ, கீல் கழற்றாமல் தூரிகை நுழையாது என்பதால், பெரும்பாலும் யாரும் சாயம் அடிப்பதே இல்லை.

ஒரு கதவுக்குள் எத்தனை லிட்டர்?

காய்ந்த மரத்திலும் நீர் உண்டு. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப மரம் நீரை வாங்கும், விடும். கடைசியில் ஓர் அளவில் நிற்கும். அந்த நிலையை 'ஈரச் சமநிலை' என்போம்.

சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்தக் காற்றில் நிற்கும் மரம் தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 17 சதவீதம் நீரை வைத்திருக்கும். அதே மரத்தை 60 சதவீத ஈரப்பதமுள்ள குளிர்சாதன அறைக்குள் மாட்டினால், சில வாரங்களில் 11 சதவீதத்துக்கு இறங்கும். உலர்நிலையில் 25 கிலோ எடையுள்ள ஒரு கதவிலையை எடுத்துக்கொள்வோம். வெளிக்காற்றில் அதற்குள் நாலேகால் லிட்டர் தண்ணீர் இருக்கும். குளிரறையில் இரண்டே முக்கால் லிட்டர். ஒரு சொட்டும் கீழே சிந்தாமல், ஒன்றரை லிட்டர் காற்றோடு போய்விடுகிறது.

நீர் போனால் மரம் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக எதுவும் நடக்காது. அகலவாக்கில்தான் எல்லாம். தேக்கு, சாதாரணமாக அறுத்த பலகையாக இருந்தால், ஈரம் ஒரு சதவீதம் மாறும்போது மீட்டர் அகலத்துக்குச் சுமார் 1.9 மில்லிமீட்டர் மாறும். நம் கதவின் நடுப்பலகை 40 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் 17இலிருந்து 11க்கு இறங்கினால், அந்தப் பலகை கிட்டத்தட்ட நாலரை மில்லிமீட்டர் ஒடுங்கும். தேக்கு மிகக் குறைவாக அசையும் மரங்களில் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய ஆசாரிகள் இதை அறிந்திருந்தார்கள். நான்கு பக்கச் சட்டங்களில் காடி வெட்டி, நடுப்பலகையைப் பசை போடாமல், ஆணி அடிக்காமல் அதற்குள் செருகினார்கள். பலகை காடிக்குள் தன் விருப்பம்போல் விரிந்து சுருங்கும், சட்டம் அசையாது. கதவின் அளவு மாறுவதில்லை. மலாய் மொழியில் பிந்து பாகார் எனப்படும் கடைவீட்டு அரைக்கதவுகளிலும், செட்டிநாட்டு வீட்டுக் கதவுகளிலும், ஐரோப்பியக் கதவுகளிலும் இதே ஏற்பாடுதான்.

அதைக் கெடுப்பது நாம். ஒவ்வொரு முறை சாயம் அடிக்கும்போதும் கொஞ்சம் காடிக்குள் வழிந்து இறுகுகிறது. இடைவெளி அசிங்கமாகத் தெரிகிறது என்று பட்டி வைத்தும் அடைக்கிறோம். ஒருகட்டத்தில் பலகை சட்டத்தோடு ஒட்டிப்போகும். அடுத்த முறை சுருங்கப் பார்க்கும்போது நகர இடமில்லாமல் நடுவில் பிளக்கும், அல்லது காடியோரத்துச் சாயம் கோடாக வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே கழுவுநீர் இறங்கும். பிறகு நாம் பார்த்த அந்தச் செதில்கள்.

சிங்கப்பூரில் கோடை, குளிர்காலம் என்ற பெரிய மாற்றம் இல்லை. ஆகவே இங்குள்ள பழைய கதவுகள் பல பத்தாண்டுகள் பெரிய அசைவில்லாமல் நின்றன. அவை தம் வாழ்நாளில் சந்தித்த மிகப் பெரிய பருவமாற்றம் குளிர்சாதன வசதிதான். திறந்தே கிடந்த மளிகைக்கடை மூடிய உணவகமாக மாறும்போது வாசல் கதவின் உள்முகம் வறண்ட காற்றையும் வெளிமுகம் ஈரக்காற்றையும் பார்க்கிறது. ஒருபக்கம் சுருங்கி, மறுபக்கம் விரிந்து, பலகை வளைகிறது. பல தலைமுறைக்கு முந்திய பூச்சு உட்கார்ந்தபோது மரம் அமைதியாக இருந்தது. இன்றைய பூச்சு ஆடும் மரத்தின்மேல் உட்காருகிறது. புதிரின் ஒரு பாதிக்கு விடை இது.

எண்ணெய் இறுகும் விதம்

மறுபாதிக்கு வருவோம். பழைய கதவுச்சாயங்கள் எண்ணெயில் குழைத்தவை: ஐரோப்பியச் சாயத்தில் ஆளிவிதை எண்ணெய், சீனத் தச்சர்கள் வைத்திருந்தது துங் மரத்து விதையெண்ணெய். இவை காய்வது தண்ணீர் ஆவியாவது போன்றதன்று. எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து, ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. வடைச்சட்டியின் வெளிப்புறத்தில் வழிந்த எண்ணெய், நாளடைவில் தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசினாக இறுகுகிறதே, அதே வேலைதான். தேங்காயெண்ணெயால் இது ஆகாது. அதன் மூலக்கூறுகளில் கைகோக்கும் இடங்கள் மிகக் குறைவு.

இந்த எண்ணெயோடு ஈய வெள்ளை என்ற நிறமியைச் சேர்த்தார்கள். ஈயம் இறுகுதலை விரைவுபடுத்தும். எண்ணெயின் அமிலங்களோடு கூடி, மரத்தோடு சேர்ந்து நெளியக்கூடிய, நீர் புகாத படலமாகவும் ஆக்கும். மஞ்சள் நிறத்துக்கு ஈயக் குரோமேட். அதையே நீலத்தோடு கலந்து பச்சை. "அந்தக் காலத்துச் சாயம் அப்படி" என்பதன் உண்மை இதுதான். அது உழைத்தது ஈயத்தால்.

பிரிஸ்பேன் வராந்தாக்கள்

ஈயச்சாயம் குழந்தைகளுக்கு நஞ்சாவதை முதலில் தெளிவாகக் கண்டறிந்த இடம் ஒரு வெப்பநாட்டு நகரம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனில் 1890களில் குழந்தைகள் பலர் ஈயநஞ்சால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். கை கால் தளர்ந்தது, சிலருக்குப் பார்வை போனது. நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. ஜான் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904இல் அதை எழுதினார்: வீட்டு வராந்தாக்களின் மரக்கைப்பிடிச் சுவர்களில் அடித்த சாயம். கடும் வெயிலில் அது தூளாகப் பூக்கிறது. குழந்தைகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பிறகு விரலை வாயில் வைக்கிறார்கள்.

உலகம் மெல்லத்தான் கேட்டது. உட்புறச் சாயங்களில் ஈய வெள்ளையைத் தடுக்கும் அனைத்துலக உடன்படிக்கை 1921இல் வந்தது. அமெரிக்கா வீட்டுச்சாயத்தில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல். சாயத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017இலும் சிங்கப்பூரில் 2022இலும் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே பழைய கடைவீட்டுக் கதவில் எங்கோ ஓர் அடுக்கில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒட்டிக்கொண்டு நிற்கும்வரை அதனால் தொல்லை இல்லை. உலர்ந்த நிலையில் இயந்திரம் வைத்துத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலுக்குள் போகும். நெருப்புச் சுடர் காட்டிச் சுட்டால் ஆவியாகும். நிறம் மாறிக் காட்டும் சோதனைப் பொருள்கள் கடைகளில் கிடைக்கின்றன. செதில்களை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது அதைவிட நம்பகமானது.

அடுக்குக்கு ஒரு மருந்து

இப்போது உரிக்கலாம். ஒரே திரவத்தைப் பூசி எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடலாம் என்ற எண்ணம்தான் கதவுகளைக் கெடுக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு விதமாகப் பிறந்தது. அதனதன் வழியில்தான் பிரியும். மூன்று அடுக்குள்ள நம் கதவில் மேலிருந்து இறங்குவோம்.

மேலே இருப்பது இக்காலத்து அக்ரிலிக் சாயம். அது சூட்டில் இளகும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியை மிதமான சூட்டில் வைத்து, குமிழ் எழுந்ததும் மழுங்கிய தகட்டால் தள்ளினால் பட்டையாக வரும். கருகும் வாசனை வந்தால் சூடு அதிகம்.

நடுவில் எண்ணெய்ச்சாயம். இதைக் காரம் பிரிக்கும். காஸ்டிக் சோடா எண்ணெயோடு சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. ஆலையில் சோப்பு காய்ச்சுவது இப்படித்தான். கதவின்மேல் காரக்குழம்பைப் பூசும்போது சாயத்தின் எண்ணெய் அங்கேயே சோப்பாகி நீரில் கரையும் பதத்துக்கு வருகிறது. இதைச் 'சோப்பாக்கம்' என்போம். தூள் பறக்காது என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் காரம் சாயத்தோடு நிற்பதில்லை. தேக்கையும் தீபகற்ப மலேசியாவின் செங்கால் மரத்தையும் கருக்கும், நார்களைப் பிய்த்து நிறுத்தும், மூட்டில் இருக்கும் பழைய வச்சிரப்பசையை இளக்கும். மரத்துக்குள் தங்கிய காரம் பிறகு அடிக்கும் புதுச்சாயத்தையும் சோப்பாக்கும்! நன்றாக அலசி, வினிகர் கலந்த நீரால் முறித்து, மறுபடி அலச வேண்டும். கதவையே காரத்தொட்டியில் முக்கியெடுக்கும் முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடியில், மரத்தை ஒட்டி, சில கதவுகளில் அரக்கு மெருகு இருக்கும். அரக்குப் பூச்சி சுரந்த பிசினைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. அதற்கு மருந்தும் சாராயம்தான். பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பழுப்பாகக் கரைந்து வந்தால் அரக்கு.

மெத்திலின் குளோரைடு சேர்ந்த பழைய வகை உரிப்பான்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்தச் சாயத்தையும் நிமிடங்களில் ஊதி எழுப்பும். அதன் ஆவியை உள்ளிழுத்தால் உடல் அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. மூடிய அறையில் வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் வீட்டு உபயோகத்துக்கு அதைத் தடை செய்துவிட்டன. அது இல்லாத உரிப்பானைக் கேட்டு வாங்குங்கள். வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

வைரமும் வெயிலும்

சாயம் நீங்கிய மரம் சில இடங்களில் சாம்பல் நிறமாக இருக்கும். மரம் என்பது செல்லுலோஸ் நார்களை லிக்னின் என்ற பிசின் இறுக்கிப் பிடித்த கட்டு. வெயிலின் புற ஊதாக்கதிர் லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவுகிறது, எஞ்சிய வெற்று நார்தான் அந்தச் சாம்பல். இதன் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறு பகுதியே. ஆனால் அதன்மேல் சாயம் பூசினால், பிடிமானமற்ற நாரைத்தான் சாயம் பிடிக்கும். நிறமான, வைரம் பாய்ந்த மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டு, வாரக்கணக்கில் வெயிலில் போடாமல் விரைவில் பூச வேண்டும்.

எதைப் பூசுவது? மரவரி தெரிய வேண்டும் என்று பலரும் வார்னிஷ் கேட்கிறார்கள். புற ஊதாக் குறியீடு அடிக்கடி 11ஐத் தொடும் ஊர் சிங்கப்பூர். ஒளி ஊடுருவும் வார்னிஷ் வழியே கதிர் உள்ளே போய் அதன் அடியிலிருக்கும் லிக்னினைச் சிதைக்கும். வார்னிஷ் நன்றாக இருக்கும்போதே கீழே பிடி விட்டுவிடும். நிறமியுள்ள சாயம் கதிரைத் தடுக்கிறது. நேர்வெயில் படும் கதவுக்குச் சாயமே சரி. ஐந்தடி நடைபாதையின் நிழலில் நிற்கும் கதவுக்கு வார்னிஷ் தாராளமாகப் போடலாம். 1822இல் பிரிட்டிஷ் நிர்வாகி ராஃபிள்ஸ் வகுத்த நகரத்திட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்றது. பாதசாரிக்காக இட்ட அந்தக் கூரை, இரு நூற்றாண்டுகளாகக் கதவுகளையும் காத்துவருகிறது.

தேக்குக்கு ஒரு சிறப்புக் கவனம். கறையானை விரட்டும் அதன் இயற்கைப் பொருள்கள் எண்ணெய் இறுகுவதையும் தடுக்கும். பூசுவதற்குச் சற்று முன் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

அடிவிளிம்புக்கு முதல் பூச்சு, கதவைக் கழற்றி வைத்திருக்கும்போதே, இரண்டு முறை. காடியைச் சாயத்தால் நிரப்பாதீர்கள். பட்டி வைக்கவே வேண்டாம்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவும் கூடாது. எண்ணெய் ஆக்சிஜனைப் பிடிக்கும்போது சூடு பிறக்கிறது. விரித்த துணியில் அந்தச் சூடு போய்விடும். குவியலில் தங்கி, மணிக்கணக்கில் ஏறி, தானே தீப்பற்றும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்ஃபியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்தது இப்படித்தான். மரப்பலகைகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் 22ஆம் மாடியில் பற்றின. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியைத் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

விட்டுவைக்க வேண்டிய இடம்

1989 ஜூலை 7 அன்று லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் வைத்திருக்கும் நெறி: முடிந்த அளவு இருப்பதைத் தக்கவை, உணர்ந்து புதுப்பி, கவனமாகப் பழுதுபார். இந்த வரிசையில் தக்கவைத்தல்தான் முதலில் நிற்கிறது. கெர்பாவ் ரோட்டில், 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லம் இன்றும் நிற்பது 1980களில் அதைப் புதுப்பித்ததால். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த செட்டிநாட்டு வாசல்நிலை ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான நுண்சிற்பங்கள் அதில். அத்தகைய வேலைப்பாட்டின்மேல் காரமும் உப்புத்தாளும் பட்டால் மூக்கும் விரலும் முதலில் போகும்.

சாதாரணக் கதவிலும் இழப்பு உண்டு. பாதுகாப்பு வல்லுநர்கள் மிளகளவுச் சாயத்துண்டை எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம், எந்த அடுக்கில் ஈயம், எங்கே புகையும் அழுக்கும் படிந்த நீண்ட இடைவெளி என்று எல்லாம் அதில் அடுக்காகத் தெரியும். அந்தக் கடைவீட்டில் இருந்தவர்கள் யாரும் எழுதி வைக்காத வரலாறு அது. முழுக்க உரித்த கதவில் அதை மீட்க வழியே இல்லை.

ஆகவே உரிக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் அந்த வீட்டிலிருந்து அனுப்பிவிட்டு, ஈரமாகவே சுரண்டுங்கள். மேல்கீல் அருகே, கண்ணில் படாத மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு எல்லா அடுக்குகளையும் தொடாமல் விட்டு, அதன்மேலேயே புதுச்சாயத்தை அடியுங்கள். உங்களுக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. அடுத்து வருபவருக்கு அந்தக் கதவின் முழுக் கணக்கும் அங்கே கிடைக்கும்.